துணிக்கு ஒரு சீட்டு

ஜனவரி 9

அக்கா,

மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு, காரியம் ஆகவேண்டும் என்றதும் எழுதுகிறாள் பார் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். காரியம்தான்.

சுண்டுவுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "பக்கத்துல உக்காந்து பாத்துக்க ஒரு உதவியாளர் இருந்தா வரட்டும். மார்ச் முடியற வரைக்கும் பாக்கறோம். இல்லேன்னா வீட்லயே வச்சுக்குங்கம்மா" என்றார். முப்பத்தாறு பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர். சுண்டு எந்த நிமிஷம் வாசலைப் பார்த்து ஓடுவாள் என்று அந்த அம்மாவும் எத்தனை நாள்தான் கதவோரம் நின்று பாடம் நடத்துவார்? அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

உதவியாளரை நலப்பிரிவு அலுவலகம் தருமாம். விண்ணப்பம் போட்டேன். 'தேவை நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரே வரியில் திரும்பி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பள்ளிக்கூடத்தில் கேள் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அலுவலகம் என்கிறார்கள். அலுவலகத்தில் டாக்டர் கடிதம் எங்கே என்கிறார்கள். பேச்சுப் பயிற்சி மையத்தின் காத்திருப்புப் பட்டியலில் சுண்டு இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள். உதவி எண் என்று ஒன்று கொடுத்தார்கள். அதில் பாட்டு மட்டும்தான் வருகிறது. எனக்கு அது மனப்பாடம். சுண்டுவுக்கும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் வாயைத் திறந்து சொல்வதையெல்லாம் அவள் பிடித்துக்கொள்கிறாள். நானும் அவள் அப்பாவும் போட்ட சண்டையை மறுநாள் பஸ்ஸில், ஏற்ற இறக்கம் குறையாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் இருபது நாள் வெளியே இருக்கிறார், தப்பித்தார். அவளைப் பற்றி அவள் காதில் விழும்படி பேச எனக்கு இனி தைரியம் இல்லை. காகிதம் என்றால் பத்திரம்.

நீ இருபது வருடமாக டீச்சர். இந்த அலுவலகங்களின் பாஷை உனக்குத் தெரியும். சொல்.

தங்கை


ஜனவரி 17

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தேன். ஆகியிருக்கிறது என்றுதான் தெரிகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "இவளை ஒரு இடத்துல காட்டு." அதற்கு நீ, பெட்டியைக் கட்டிக்கொண்டு, என் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாய். அன்றைக்கே காட்டியிருந்தால் அந்தப் பட்டியலில் அவள் இருநூற்றுப் பன்னிரண்டாவதாக இருந்திருக்க மாட்டாள். எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு தாளில் எழுத எனக்குப் பொறுமையில்லை.

நீ நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலை அனுப்பு. என்ன எழுதினாய் என்று பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

அவள் இன்னும் சோற்றைத் தனியாக, குழம்பைத் தனியாகத்தான் சாப்பிடுகிறாளா?

அக்கா


ஜனவரி 25

அக்கா,

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தனியாகத்தான் சாப்பிடுகிறாள். தட்டில் ஒன்றை ஒன்று தொட்டால் தட்டு பறக்கும்.

தண்ணீர் குடிக்காமல் வந்தது தப்புதான். ஆனால் நீ அந்த வாக்கியத்தை மட்டுமா சொன்னாய்? சொல்லும்போது உன் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டினாய். ஏற்கெனவே இரண்டு பேரும் என் பிள்ளையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டீர்கள் என்று அதில் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

இப்போது அவள் பள்ளி விட்டதும் என்னோடு சலவைக்கடைக்கு வந்துவிடுகிறாள். முதலாளியம்மா ஒன்றும் சொல்வதில்லை. தேய்க்கிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். அந்தச் சூடும் நீராவிச் சத்தமும் அவளுக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் கடையில் துணி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் குத்துவோம். அதை எப்படிக் கையாள வேண்டும் என்று அதில் அச்சடித்திருக்கும். கலைந்து கிடக்கும் சீட்டுகளைக் கம்பளிக்கு, பட்டுக்கு, பருத்திக்கு என்று பிரித்துப் பெட்டியில் அடுக்குவது சுண்டுவின் வேலை. நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறாள் என்று நினைக்கிறேன். ஒன்றுகூடத் தப்பாது. கடையில் நாங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அதே வார்த்தைகளைச் சொல்லவும் செய்கிறாள். போன மாதம் டீச்சர் கையைப் பிடித்து இழுத்தபோது, "முறுக்கிப் பிழியக் கூடாது" என்று கத்தினாளாம். வகுப்பே சிரித்ததாம். 'பொருளற்ற சொற்களைத் திரும்பச் சொல்கிறாள்' என்று நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பார்த்துச் சொல். மார்ச் ஓடி வருகிறது.

தங்கை


பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

உன் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தேன். உதவி கேட்டு எழுதிய மாதிரி இல்லை. உன் மகளுக்கு உத்தியோகம் கேட்டு எழுதிய மாதிரி இருக்கிறது.

'தானாக உடை அணிவாரா?' 'ஆம்.' எத்தனை நாளைக்கு ஒரு முறை? 'பிறரோடு பழகுவாரா?' 'அன்பானவள்.' அங்கே யார் உன்னிடம் அன்பைக் கேட்டார்கள்? 'ஆபத்தை உணர்வாரா?' 'சொன்னால் புரிந்துகொள்வாள்.' உன் வீட்டுத் தெருமுனையில் லாரிக்கு முன்னால் அவள் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த அலுவலகத்தில் பொன் குஞ்சுக்கு எவனும் உதவியாளர் தரமாட்டான்.

நல்ல நாளை வைத்து நீ எழுதியிருக்கிறாய். மிக மோசமான நாளை வைத்து எழுத வேண்டும். இதுதான் அவர்கள் பாஷை. உனக்கு எழுத வராது, எனக்குத் தெரியும். அதனால் நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே பார்த்து எழுது.

'கடிப்பாள். காரணமின்றிக் கத்துவாள். வாசலைத் திறந்தால் ஓடிவிடுவாள். பிற குழந்தைகளுக்கு ஆபத்து நேரலாம். சொல்வதைப் புரிந்துகொள்வதில்லை. எழுத, வாசிக்கத் தெரியாது. ஒரு நிமிடமும் தனியாக விட முடியாது.'

படிக்கும்போது என் மேல் கோபம் வரும். வரட்டும். எழுதிக் கொடுத்துவிட்டு வா.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி எழுதினேன். 'கடிப்பாள்' என்பதற்கே பேனா நகரவில்லை. கடிக்கத்தான் செய்கிறாள். என் முன்னங்கையைப் பார்த்தால் தெரியும். ஆனாலும் அதை எழுத்தில் போடும்போது பிள்ளையைக் காட்டிக் கொடுப்பது போல இருந்தது. சுண்டு மேஜைக்கு அடியிலிருந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்படியோ கடைசி வரி வரை எழுதி முடித்தேன். அப்போது பார்த்து ஒருவர் கோட்டை எடுக்க வந்துவிட்டார். நீ எழுதிய தாளை அவசரத்தில் பக்கத்திலிருந்த பெட்டியில் செருகிவிட்டு அவரைக் கவனித்தேன்.

அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "இப்பதாம்மா சரியா எழுதியிருக்கீங்க" என்றார். வாழ்க்கையில் என் எழுத்தை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. மார்ச் பதினாலாம் தேதி ஒரு மதிப்பீட்டாளர் கடைக்கே வந்து அவளைப் பார்ப்பாராம். நகல் ஒன்று பள்ளிக்கும் போகுமாம், அது விதியாம். போகட்டும் என்றேன்.

அக்கா, முதல் முறையாகக் கொஞ்சம் மூச்சு விடுகிறேன். நீ கெட்டிக்காரிதான்.

தங்கை


மார்ச் 1

அக்கா,

அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் நான் சட்டைகளுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அடியில் சுண்டு வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "கையால் துவைக்கவும். நிழலில் உலர்த்தவும்." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் அதே குரலில், "கடிப்பாள். காரணமின்றிக் கத்துவாள். வாசலைத் திறந்தால் ஓடிவிடுவாள்."

அந்த வார்த்தைகளை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குனிந்து பார்த்தேன். மடியில் சீட்டுப் பெட்டி. கையில் உன் தாள். விரலை வரியில் வைத்து, ஒரு எழுத்துக்குக்கூடத் திக்காமல் படிக்கிறாள். "எழுத, வாசிக்கத் தெரியாது" என்பதையும் படித்தாள் அக்கா. சிரிப்பதா, அழுவதா?

அன்றைக்கு நான் அவசரத்தில் செருகியது சீட்டுப் பெட்டியில். அவள் தினமும் அடுக்குகிற அதே பெட்டியில். நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அவள் படித்துப் பார்த்துப் பிரித்திருக்கிறாள். எத்தனை மாதமாக என்று யாருக்குத் தெரியும். காதில் விழக் கூடாது என்றுதான் நாம் கடிதம் எழுதிக்கொண்டோம். காகிதம் பத்திரம் என்று நான்தானே எழுதினேன்?

முதலாளியம்மாவின் பத்திரிகையைக் கொடுத்தேன், படித்தாள். சோப்பு உறையைப் படித்தாள். அர்த்தம் எவ்வளவு புரிகிறது என்று தெரியவில்லை. ராத்திரி முழுக்க சந்தோஷமும் பயமும் ஒன்றையொன்று விடவில்லை. என் பிள்ளை படிக்கிறாள் என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அவள் முதன்முதலாகத் தன்னைப் பற்றிப் படித்தது அந்தத் தாளைத்தான்.

மதிப்பீட்டாளரிடம் நான் என்ன சொல்ல? உடனே எழுது.

தங்கை


மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

சொல்லாதே.

வாசிக்கிறாள் என்றால் உதவியாளர் கிடைக்காது. அந்தப் படிவத்தில் வாசிப்புக்குத்தான் மதிப்பெண் அதிகம். எழுத்து தெரிந்த பிள்ளைக்கு லாரி தெரியாது என்பதை எழுத அதில் கட்டம் கிடையாது. முதலில் உதவியாளர் வரட்டும், அப்புறம் ஊருக்கே சொல். யாராவது கேட்டால் தெரியாது என்று சொல். இந்த ஒரு பொய்யை நான் சொல்லச் சொன்னதாக என் கணக்கில் போட்டுக்கொள்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். அந்த வரிகளை நான் எப்படி அவ்வளவு சுலபமாக எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. எனக்கு அவை புதிதல்ல. நாலு வருடத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு குழந்தை இருந்தது. உதவி கிடைக்கட்டும் என்றுதான் அதைப் பற்றி அதே வார்த்தைகளில் அறிக்கை எழுதினேன். 'பிற குழந்தைகளுக்கு ஆபத்து நேரலாம்.' உதவி வரவில்லை. அறிக்கையைக் காட்டி அந்தக் குழந்தையை நிறுத்திவிட்டார்கள். அதன் அம்மா என்னைத் திட்டவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு அடுத்த வருடம்தான் நீ சுண்டுவோடு வந்தாய். அந்தத் தலையாட்டு அதனால்தான் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

இதைத் தெரிந்துகொண்டே உனக்கும் அதே வரிகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு வரிகள் எனக்குத் தெரியாது.

அக்கா


மார்ச் 24

அக்கா,

பத்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன்.

மதிப்பீட்டாளர் வந்தார். நல்ல அம்மாதான், செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு வந்தார். சுண்டுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. படம் காட்டினார், பார்க்கவில்லை. பென்சிலைக் கொடுத்தார், கடித்தாள். எல்லாம் நாம் எழுதியபடியே நடந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்றால் நான் எப்படிப்பட்ட தாய் என்று பார்த்துக்கொள். கடைசியில் என்னிடம் கேட்டார்.

"வாசிக்க வருமா?"

"வராதுங்க" என்றேன்.

சுண்டு மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தாள். அந்த அம்மாவின் மடியிலிருந்த கோப்பைத் தன் பக்கம் திருப்பினாள். விரலை வைத்து ஆரம்பித்துவிட்டாள். கடிப்பாள். கத்துவாள். ஓடிவிடுவாள். தலைப்பு, தேதி, என் கையெழுத்து வரை விடவில்லை. தேய்க்கிற பையன்கள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மதிப்பீட்டாளர் கோப்பை மூடிவைத்தார். அப்புறம் மெதுவாக, "ஏம்மா மறைச்சீங்க? இனிமே நீங்க எழுதினதுல எதைம்மா நான் நம்பறது?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

பதினெட்டாம் தேதி இரண்டு கடிதங்கள் ஒரே தபாலில் வந்தன. அலுவலகக் கடிதத்தில், 'சரளமாக வாசிக்கிறார். தாய் அளித்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை. ஓராண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்.' பள்ளிக் கடிதத்தில், 'தாயே அளித்த தகவலின்படி பிற குழந்தைகளுக்கு ஆபத்து நேரலாம் என்பதால் ஏப்ரல் முதல் அனுமதிக்க இயலாது.' அதே தாள்தான் அக்கா. அங்கே பொய், இங்கே உண்மை.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ எழுதினாய், நான் நகல் எடுத்தேன். அவள் மட்டும்தான் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி படித்தாள்.

தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

இந்த முறை யோசனை எதுவும் இல்லை. என்னிடம் இருந்த யோசனையெல்லாம் தீர்ந்துவிட்டது.

நேற்று எங்கள் தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். என் தங்கை மகளை என் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்கிறேன், என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்கிறேன், முழுப்பொறுப்பும் என்னுடையது என்றேன். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அவர் எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு பழைய கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது நீங்க எழுதினதுதானே டீச்சர்? அன்னிக்கு ஒரு புள்ளைய அனுப்பிட்டு இன்னிக்கு உங்க வீட்டுப் புள்ளைய எப்படிச் சேக்கறது?" என்றார். என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? நான் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று வருடம் உன்னோடு பேசாமல் இருந்ததற்கும், பேசியதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. அவள் கண்ணில் இனி அது படக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

கிழிக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மாதத்திலிருந்து காலையிலேயே அவளைக் கடைக்குக் கூட்டி வந்துவிடுகிறேன். முதலாளியம்மா இப்போதெல்லாம் முன்போலச் சிரிப்பதில்லை. வாடிக்கையாளர் ஒருவர் ஏதோ சொல்லியிருக்கிறார். எத்தனை நாள் விடுவார் என்று தெரியாது. வேறு பள்ளிகள் ஐந்துக்குப் போனேன். நான்கில் படிவத்தின் நகலைக் கேட்டார்கள். ஐந்தாவதில் வாயிற்காவலரைத் தாண்ட முடியவில்லை.

போன திங்கட்கிழமை பார்க்கிறேன், சுண்டு கவுனின் நெஞ்சில் ஒரு தாளை ஊசியால் குத்திக்கொண்டு நிற்கிறாள். உன் தாள். எட்டாக மடித்து, சீட்டு அளவுக்குச் செய்து, நாங்கள் குத்துகிற அதே இடத்தில், இடது பக்கம் மேலே. கடையில் துணி ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு அல்லவா? இது அவளுடைய சீட்டு. அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறாள். எடுக்கப் போனேன். கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. கோட்டிலிருந்து சீட்டை எடுத்துவிட்டால் அதை எப்படித் துவைப்பது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும், அதுதான் அவள் பயம் என்று நினைக்கிறேன். தூங்கும்போதும் கழற்ற விடுவதில்லை. ஊசியை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். என் கையாலேயே தைத்தேன் அக்கா.

அதற்கு மேல் இன்னொரு சீட்டைக் குத்திவிடலாம் என்று தோன்றியது. வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'அன்பானவள்' என்று ஆரம்பித்தேன். முதல் விண்ணப்பத்தில் எழுதியது ஞாபகம் வந்து அடித்துவிட்டேன். 'படிப்பாள்' என்று எழுதினேன். அதனால் வந்ததை நினைத்து அதையும் அடித்தேன். நாலு சீட்டு வீணாகிவிட்டது. பெற்ற பிள்ளையைப் பற்றி மூன்று வரி எழுத எனக்குத் தெரியவில்லை. நீ எழுதித் தருவாய் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வேண்டாம், நீயும் எழுதாதே.

கடைசியில் பெட்டியில் இருந்த அச்சடித்த சீட்டிலேயே ஒன்றை எடுத்துக் காட்டினேன், கம்பளிக்கு உள்ளது. வாங்கிப் படித்துப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு என் கையைப் பிடித்து, எங்கே குத்த வேண்டும் என்று காட்டினாள்.

இப்போது அவள் நெஞ்சில் இரண்டு சீட்டு இருக்கிறது. மேலே இருப்பதில், 'முறுக்கிப் பிழியக் கூடாது' என்று இருக்கிறது. பஸ்ஸில் எல்லோரும் படிக்கிறார்கள்.

தங்கை